கிங் ஆலிவரின் 1923: அசல் தட்டா, எல்பியா, சிடியா, இலவசக் கோப்பா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜாஸ் கலைஞர் கிங் ஆலிவரின் குழு வாசித்த ‘டிப்பர் மவுத் புளூஸ்’ பாட்டை மூன்று இடங்களிலிருந்து எடுத்து வரிசையாகக் கேட்டேன். பழைய எல்பி ஒன்று, சிடி ஒன்று, இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிய கோப்பு ஒன்று. மூன்றும் ஒரே பதிவு. 1923 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ரிச்மண்ட் என்ற சின்ன ஊரில் கெனட் கம்பெனி எடுத்தது. பக்கத்தில் சுருதிப்பெட்டியை ஒரு கட்டை சுருதியில் ஓடவிட்டிருந்தேன். சிடி அதோடு சேர்ந்து நின்றது. கோப்பு கொஞ்சம் விலகியது. எல்பியோ, ஒத்திகைக்கு வராமல் நேரே மேடையேறிய பக்கவாத்தியக்காரர் மாதிரி தனக்கென்று ஒரு சுருதி வைத்துக்கொண்டிருந்தது.

பழைய ஜாஸ் கேட்க ஆரம்பித்த நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் “எதை வாங்கலாம்?” என்ற ஒரே கேள்வியைத்தான். 78 என்று சொல்லும் பழைய கிராமபோன் அசல் தட்டு, எல்பி, சிடி, இலவசக் கோப்பு என்று நான்கு கடைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதானே, பையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, சுருதிப்பெட்டியை எடுத்து வைக்கும்வரை. நாம் காசு கொடுத்து வாங்குவது யாரோ ஒருவருடைய காதையும் கையையும். எந்தப் பிரதியை எடுத்தார், எந்த ஊசியை வைத்தார், தட்டை என்ன வேகத்தில் சுழலவிட்டார், இரைச்சலை எவ்வளவு துடைத்தார் என்ற நான்கு முடிவுகளை அவர் நமக்காக எடுத்திருக்கிறார். அட்டையில் அவர் பெயர்கூட இல்லையென்றால் அந்தச் சரக்கின் மேல் சந்தேகம் வைப்பது நல்லது.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். ஜோ ‘கிங்’ ஆலிவர் நியூ ஆர்லியன்ஸிலிருந்து சிகாகோ வந்து, லிங்கன் கார்டன்ஸ் என்ற நடன அரங்கில் வாசித்துக்கொண்டிருந்த கார்னெட்காரர். கார்னெட் என்பது டிரம்பெட் போன்ற ஊதுவாத்தியம். 1922-ல் தன் ஊர்ப் பையன் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கை இரண்டாவது கார்னெட்டுக்கு அழைத்துக்கொண்டார். கிளாரினெட்டில் ஜானி டாட்ஸ், டிரம்ஸில் அவர் தம்பி பேபி டாட்ஸ், டிராம்போனில் ஹானோரே டூட்ரே, பியானோவில் லில் ஹார்டின், பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தில் பில் ஜான்சன். இந்த கிரியோல் ஜாஸ் பேண்ட் 1923-ல் கெனட், ஓகே, கொலம்பியா, பாரமவுண்ட் என நான்கு கம்பெனிகளுக்குப் போய் வாசித்தது. இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பது மொத்தம் 37 பக்கங்கள், அதாவது 37 பதிவுகள். கெனட் 13, ஓகே 15, கொலம்பியா 4, பாரமவுண்ட் 5. எல்லாவற்றையும் சேர்த்தாலும் இரண்டு மணி நேரம் வராது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் வாசிப்பு முதன்முதலில் தட்டில் ஏறியது இங்கேதான் என்பதால் ஜாஸ் சேகரிப்பாளர்கள் நூறு வருடமாக இந்த இரண்டு மணி நேரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

கெனட், ஸ்டார் பியானோ கம்பெனியின் ஒரு கிளை. தொழிற்சாலை ஒயிட்வாட்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்தது, ஸ்டூடியோவை ஒட்டியே ரயில் தண்டவாளம். ரயில் வந்தால் பதிவை நிறுத்த வேண்டும். மைக் கிடையாது. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் வாய்க்கு எதிரே எல்லோரும் நின்று வாசிக்க, மறுமுனையில் ஊசி மெழுகைக் கீறும். அந்த முறையில் ஏறக்குறைய 2,500 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உருப்படியாக எதுவும் ஏறாது. பேபி டாட்ஸின் பெரிய டிரம் அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் அவர் பெரும்பாலும் மரக்கட்டைகளைத் தட்டினார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஊதல் மற்றவர்களை மூழ்கடித்ததால் அவரை மட்டும் பல அடி தள்ளி நிற்க வைத்தார்கள் என்று பின்னாளில் லில் ஹார்டின் சொன்னார். அதே தொழிற்சாலைதான் வெள்ளை இனவெறிக் கும்பலான கு க்ளக்ஸ் கிளான்காரர்கள் பணம் கட்டி அடித்துத் தரச் சொன்ன தட்டுகளையும் அச்சிட்டுக் கொடுத்தது. 1923-ன் இண்டியானாவுக்குக் கறுப்பர்கள் ஏழு பேர் ரயிலேறிப் போய் வாசித்துவிட்டு வந்தார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் அந்தத் தட்டுகளின் குதூகலம் இன்னும் வேறாகக் கேட்கும்.

கெனட்டின் உலோக மாஸ்டர்கள், அதாவது தட்டு அச்சடிக்க உதவும் மூல அச்சுகள், இன்று இல்லை என்பதுதான் நம் முடிவைத் தீர்மானிக்கும் முதல் விஷயம். எல்பி, சிடி, கோப்பு எதுவானாலும், எங்கோ ஒருவர் வீட்டு அலமாரியில் பிழைத்துக் கிடந்த ஒரு தட்டில் ஊசி வைத்து எடுத்ததுதான். ‘மாஸ்டர் டேப்பிலிருந்து நேரடியாக’ என்று 1923 ஜாஸுக்கு யாராவது விளம்பரம் போட்டால் சிரித்துவிட்டு நகரலாம்.

வேகம் என்ற தலைவலி

78 தட்டு என்று சொல்கிறோமே தவிர, 1923-ல் எல்லாமே நிமிடத்துக்கு 78 சுற்று என்று யாரும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. அந்தக் காலப் பதிவு இயந்திரங்கள் பல, சுவர்க் கடிகாரம் போல எடை கீழே இறங்கும் விசையில் ஓடியவை. சில பதிவுகள் 75 பக்கம், சில 80-ஐத் தாண்டி. 80-ல் பதிந்ததை 78-ல் ஓட்டினால் கால் கட்டைக்குக் கிட்ட சுருதி இறங்கும். 75-ல் பதிந்ததை 78-ல் ஓட்டினால் கால் கட்டைக்கும் மேலே ஏறும். காலப்பிரமாணமும் கூடவே போகும். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்குக் கால் கட்டை என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பழைய வித்வான்களின் கிராமபோன் தட்டுகளில் ‘அவர் ஐந்து கட்டையில் பாடினாரா, ஐந்தரையா’ என்று நம் ஊரில் நடக்கும் சண்டையும் இதே சண்டைதான்.

அப்படியானால் சரியான வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊதுகுழல்காரர்களுக்கு வசதியான சுருதிகள் சில உண்டு, வசதியில்லாதவை சில உண்டு. பி-பிளாட் கார்னெட்டும் கிளாரினெட்டும் இருக்கும் குழு பி-பிளாட், எஃப், சி, இ-பிளாட் என்றுதான் வாசிக்கும். பாட்டு சி-க்கும் சி-ஷார்ப்புக்கும் நடுவில் தொங்கினால், சி-ஷார்ப்பில் எந்தக் கார்னெட்காரனும் வேண்டிக்கொண்டு வாசித்திருக்க மாட்டான் என்று சி-க்கு இறக்குவார்கள். டிப்பர் மவுத்தை இன்றும் பழைய பாணிக் குழுக்கள் வாசிப்பது சி-யில்தான், நம் கணக்கில் ஒரு கட்டை. அதனால்தான் சுருதிப்பெட்டியை அங்கே வைத்தேன். பியானோவும் ஒரு சாட்சி. ரிச்மண்ட் ஸ்டூடியோவைப் பொறுத்தவரை, பியானோ செய்கிற கம்பெனியின் சொந்த ஸ்டூடியோவிலாவது பியானோ சுருதி சேர்ந்திருக்கும் என்று நம்புவோம்.

இது ஏதோ மெழுகுக் காலத்துச் சங்கடம் என்று நினைத்துவிட வேண்டாம். டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற ஜாஸ் எல்பி ‘கைண்ட் ஆஃப் புளூ’ 1959-ல் வந்தது. பதிவு நாளன்று டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், அந்த எல்பியின் முதல் பக்கம் முழுவதும் சுருதி ஏறிய நிலையிலேயே முப்பது வருடத்துக்கு மேல் விற்றது. 1990-களில்தான் திருத்தினார்கள். அதுவரை அதோடு சேர்ந்து வாசித்துப் பழகிய எத்தனை மாணவர்கள் தங்கள் வாத்தியத்தைக் குறை சொல்லியிருப்பார்களோ.

அசல் தட்டு

ஆசை யாரை விட்டது? கெனட் 5132 என்ற எண்ணோடு, ஒரு பக்கம் டிப்பர் மவுத், மறுபக்கம் ‘வெதர் பேர்ட் ராக்’ இருக்கும் அந்தப் பத்து அங்குலத் தட்டைக் கையில் எடுத்துப் பார்க்க யாருக்கும் ஆசை வரும். அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 78 தட்டின் பிசின் அரக்கு. அரக்கு பூச்சி சுரப்பது, அன்றைய உலகச் சந்தைக்கு அது பெரும்பாலும் கல்கத்தா துறைமுகம் வழியாகத்தான் போனது. சோட்டா நாக்பூர்க் காடுகளில் யாரோ ஒரு பெண் மரக்கிளையிலிருந்து சுரண்டி எடுத்த அரக்கு இண்டியானா போய் ஆர்ம்ஸ்ட்ராங்கின் மூச்சைத் தாங்கி நின்றிருக்கிறது.

அதே அரக்குதான் இந்தத் தட்டுகள் அரிதானதற்கும் ஒரு காரணம். 1942-ல் போர் வந்ததும் அமெரிக்க அரசு அரக்கைத் தட்டுகளுக்குத் தருவதைக் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டுகளைத் திரட்டி அரைத்துப் புதுத் தட்டு அடித்தார்கள். பழைய பேப்பர்காரரிடம் போட்ட புத்தகம் போல, எத்தனை கெனட் அந்த அரவையில் போயிற்றோ.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். அரக்கு தட்டில் ஒரு சிறு பங்குதான். மீதி கல்தூளும் கரியும். அந்தக் கல்தூள் இரும்பு ஊசியைத் தேய்க்கும், தேய்ந்த ஊசி தட்டைத் தேய்க்கும். பார்க்கப் பளபளவென்று இருக்கும் தட்டு ஓட்டினால் வறுகடலை பொரிவது போலச் சத்தம் போடும். அதனால் படம் பார்த்து வாங்காமல், விற்பவர் தட்டை ஓட்டிப் பார்த்துத் தரம் போட்டாரா என்று கேளுங்கள். இங்கிலாந்தில் 1953-ல் தொடங்கிய ‘விண்டேஜ் ஜாஸ் மார்ட்’ பத்திரிகையின் பெயரால் ஒரு தர வரிசை சேகரிப்பாளர்களிடையே புழங்குகிறது. N என்ற எழுத்து என்றால் புத்தம்புது, E அருமை, V பரவாயில்லை, G என்றால் ‘நல்லது’ என்று நம்பி ஏமாறாதீர்கள், அது ஏறக்குறைய ‘ஐயோ பாவம்’.

78 வடிவத்தில் இருப்பதெல்லாம் அசல் என்பதும் கிடையாது. 1930-களின் நடுவிலிருந்தே, கிடைக்காத தட்டுகளுக்குத் தாகம் எடுத்த சேகரிப்பாளர்கள் தாங்களே மறுபதிப்புப் போட ஆரம்பித்துவிட்டார்கள். நியூயார்க்கின் யுனைடெட் ஹாட் கிளப்ஸ் ஆஃப் அமெரிக்கா போல முறையாக வெளியிட்டவர்களும் உண்டு, சத்தமில்லாமல் தட்டிலிருந்து தட்டுக்குப் படியெடுத்து விற்றவர்களும் உண்டு. லேபிளை நம்பாமல், லேபிளுக்கும் பள்ளங்களுக்கும் நடுவே இருக்கும் வழவழப்பான வளையத்தில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணை, அதாவது அந்தப் பதிவுக்குக் கம்பெனி கொடுத்த எண்ணைப் பார்க்க வேண்டும். டிப்பர் மவுத் கெனட் பதிவின் எண் 11389. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து எத்தனையாவது முயற்சி என்று சொல்லும்.

ஓட்டுவதற்கும் தனி ஏற்பாடு வேண்டும். எல்பி ஊசியை 78-ல் வைத்தால் அகலமான பள்ளத்தின் அடியில் உருண்டு குப்பையை வாரும். ஏறக்குறைய மூன்று மடங்கு தடித்த ஊசி வேண்டும், அதுவும் ஒன்று போதாது. தட்டின் தேய்மானம் பார்த்துச் சற்றுப் பெரிது, சற்றுச் சிறிது என்று மாற்றிப் போட்டால் தேயாத உயரத்தில் ஊசி உட்கார்ந்து திடீரென்று கிளாரினெட் தெளிவாகும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றக்கூடிய டர்ன்டேபிளும் தேவை. இவ்வளவும் செய்தபின் தபாலில் வர வேண்டும். கடல் தாண்டி நான் வரவழைத்த ஒரு சாதாரண நடனக்குழுத் தட்டு, பிரிக்கும்போது இரண்டு அரைநிலாக்களாக வந்தது. விற்றவர் ஒற்றை அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பியிருந்தார். அது கெனட்டாக இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரை எழுதியிருக்க மாட்டேன்.

இவ்வளவுக்கும் பிறகு, நல்ல நிலையில் இருக்கும் அசல் தட்டை நல்ல ஊசியில் கேட்கும்போது வருகிற உயிர் வேறு எதிலும் இல்லை என்று சேகரிப்பாளர்கள் சொல்வது உண்மை. ஆனால் அந்த ‘நல்ல நிலை’ கெனட் ஆலிவர் தட்டுகளில் சாமானியருக்கு எட்டும் விலையில் வராது. எட்டுகிற விலையில் வருவது கடலைப் பொரியல்தான்.

எல்பி

சுருக்கமாக: வேண்டாம். 1950-களில் நியூயார்க்கின் ரிவர்சைடு நிறுவனம் கெனட், பாரமவுண்ட் பதிவுகளை எல்பியாகக் கொண்டுவந்தது பெரிய தொண்டு. ஒரு தலைமுறையே அதில்தான் ஆலிவரைக் கேட்டது. 1974-ல் மைல்ஸ்டோன் போட்ட இரட்டை எல்பியும் நிறையப் பேர் வீட்டில் இருக்கிறது, என்னிடம் இருந்ததும் அதுதான். ஆனால் அந்தக் காலத்து வழக்கப்படி இரைச்சலைக் குறைக்க மேல் அலைவரிசையை வெட்டும்போது கார்னெட்டின் முனையும் சேர்ந்து போயிற்று. வேகத்தைப் பற்றி அன்று அதிகம் பேர் கவலைப்படவில்லை. 1960-களில் பொய்யாக இரண்டு ஸ்பீக்கருக்குப் பிரித்த ‘ஸ்டீரியோ’ மறுபதிப்புகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். இப்போது வரும் கனமான புது வினைல்களோ, மூலம் எது என்று சொல்லாதவரை, ஏதோ ஒரு சிடியைத் தட்டாக்கியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய புத்தகக் கடையில் ரிவர்சைடு எல்பி மலிவாகக் கிடைத்தால் உறைக்குப் பின்னால் இருக்கும் கட்டுரைக்காக வாங்கிக்கொள்ளுங்கள்.

சிடி

என் பணம் போனது இதில்தான். ஆனால் எல்லாச் சிடியும் ஒன்றல்ல.

தட்டிலிருந்து ஒலியை மீட்டெடுப்பதில் ஆங்கிலேயர் ஜான் ஆர். டி. டேவிஸ் என்ற பெயர் சேகரிப்பாளர்களுக்கு மந்திரம் மாதிரி. 1927-ல் பிறந்து 2004-ல் மறைந்தவர், அவரே ஒரு ஜாஸ் வாத்தியக்காரர். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு, தட்டின் ஒவ்வொரு ‘டொக்’ சத்தத்தையும் டேப்பில் தேடிப் பிடித்து, அந்த இடத்துக் காந்தப் பூச்சை மட்டும் பிளேடால் சுரண்டி எடுப்பார். மூன்று நிமிடப் பாட்டுக்கு நூற்றுக்கணக்கான டொக். காலைச் சிற்றுண்டித் தானியம் பாலில் பொரிகிற சத்தத்தை நினைத்து இந்த வேலைக்கு அவர் வைத்த செல்லப் பெயர் ‘டிசீரியலைசேஷன்’. அரிசியில் கல் பொறுக்குவது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். கல்லைப் பொறுக்கினார், அரிசியைத் தொடவில்லை. அதுதான் அவர் பெருமை. ரெட்ரீவல் நிறுவனத்துக்காக அவர் செய்த ஆலிவர் இரட்டைச் சிடித் தொகுப்பு இன்றும் பலருக்கு அளவுகோல்.

அடுத்தது அமெரிக்காவில் ஆர்க்கியோஃபோன் வெளியிட்ட ‘ஆஃப் தி ரெக்கார்ட்’. 37 பக்கங்களும் உண்டு. ஒலி மீட்பு டக் பென்சன், நீண்ட குறிப்புகள் டேவிட் சேகர். சேகரிப்பாளர்களிடமிருந்து நல்ல நல்ல பிரதிகளைக் கடன் வாங்கி, வேகத்தைப் பாட்டுக்குப் பாட்டு பார்த்துச் செய்தது. டிப்பர் மவுத்தில் ஆலிவரின் மூன்று சுற்றுத் தனி வாசிப்பில், கார்னெட்டின் வாயில் வைத்த அடைப்பானைக் கையால் திறந்து மூடி ‘வா... வா...’ என்று அழவைக்கிறாரே, அந்தக் கை அசைவு இதில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கேட்கிறது. ‘சைம்ஸ் புளூஸ்’ பாட்டில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் முதல் தனி வாசிப்பும் அப்படியே. தூரத்தில் நிற்கிறார் என்பதும் தெரிகிறது, நின்ற இடத்திலிருந்தே அறையை நிறைக்கிறார் என்பதும் தெரிகிறது.

டேவிஸா பென்சனா? டேவிஸ் இரைச்சலைக் கொஞ்சம் விட்டுவைத்து வாத்தியத்தின் உடம்பைக் காப்பாற்றுகிறார். பென்சனில் தனித்தனி வாத்தியங்கள் இன்னும் பிரிந்து கேட்கின்றன. டேவிஸ் எனக்குப் பழைய சிநேகிதம், முதலில் கேட்ட பாடாந்தரம் மனதை விட்டுப் போகாது என்பார்களே, அந்த மாதிரி. இருந்தும் இன்று புதிதாக ஒன்றே ஒன்று வாங்குகிறவருக்கு ஆர்க்கியோஃபோனைத்தான் சொல்வேன். காரணம் பாதி ஒலி, பாதி அந்தக் குறிப்பேடு. அதை அடுத்துச் சொல்கிறேன்.

தவிர்க்க வேண்டியவை: ‘50 ஜாஸ் முத்துக்கள்’ என்ற பாணியில் மலிவாக வரும் பெட்டிகள். ஐரோப்பாவில் இந்தப் பதிவுகளின் உரிமைக்காலம் எப்போதோ முடிந்ததால் யார் வேண்டுமானாலும் போடலாம், மூலம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பல, மற்றவர் உழைப்பின் நகல்கள். பிரான்சின் ‘கிளாசிக்ஸ்’ வரிசை மரியாதைக்குரியது, காலவரிசைப்படி அடுக்கியது. ஆனால் மாற்று டேக்குகளை, அதாவது அதே பாட்டை மறுபடி வாசித்த பதிவுகளைச் சேர்ப்பதில்லை என்பது அதன் கொள்கை. பாரமவுண்டில் ‘மேபல்ஸ் ட்ரீம்’ இரண்டு டேக், ‘சதர்ன் ஸ்டாம்ப்ஸ்’ இரண்டு டேக் இருக்கும்போது அது இழப்பு. 1980-களில் ஆஸ்திரேலியர் ராபர்ட் பார்க்கர் எதிரொலி சேர்த்து ஸ்டீரியோ ஆக்கிய தொகுப்புகள் கூடத்தில் ஓடவிட இதமாக இருக்கும். எங்கள் கூட்டத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் காபி ஆறிவிடும் அளவுக்குச் சண்டை நடக்கும்.

புதிர்கள் எங்கே வருகின்றன

தட்டில் என்ன எழுதியிருக்கும்? பாட்டின் பெயர், குழுவின் பெயர், எண். யார் எந்த வாத்தியம், எந்தத் தேதி என்பதெல்லாம் இருக்காது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் டிஸ்கோகிராஃபி என்ற, பதிவுகளைப் பட்டியலிடும் தொழிலே பிறந்தது. 1936-ல் பாரிசில் சார்ல்ஸ் டெலோனேயும் லண்டனில் ஹில்டன் ஷ்லேமனும் ஆளுக்கொரு பெரிய பட்டியல் போட்டார்கள். பின்னால் பிபிசியின் இசைத்தட்டு நூலகத்தில் வேலை பார்த்த பிரையன் ரஸ்ட் போட்ட பட்டியல்தான் இன்றுவரை எல்லோரும் திருத்தித் திருத்திப் பயன்படுத்தும் அடிப்படை.

ஒரு சின்ன உதாரணம். டிப்பர் மவுத்தில் ஆலிவர் தனி வாசிப்பு முடியும் இடத்தில் ஒரு குரல் “ஓ, ப்ளே தட் திங்!” என்று கத்தும். கெனட் பதிவில் அது பாஞ்சோ வாசித்த பில் ஜான்சன். டிரம்ஸ் இடைவெளியைத் தான் மறந்துபோனதால் அவர் கத்தினார் என்று பேபி டாட்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். மறதியில் வந்தது பாட்டின் அங்கமாகிவிட்டது. இதே பாட்டை ஜூன் 23 அன்று சிகாகோவில் ஓகே கம்பெனிக்கு மறுபடி வாசித்தார்கள், அதுவும் கத்தலோடு. ரஸ்ட் வழி வந்த பட்டியல்கள் ஓகே பதிவில் பாஞ்சோவும் கத்தலும் பட் ஸ்காட் என்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் குரல் வேறா என்று உங்கள் காதே தீர்ப்புச் சொல்லலாம். வேகம் தவறாகப் பெயர்த்த நகலில் அந்தத் தீர்ப்புக்கு மதிப்பே இல்லை. கால் கட்டை ஏற்றினால் பில் ஜான்சனுக்குப் பத்து வயது குறைந்துவிடும்.

கொலம்பியா பதிவுகளில் கிளாரினெட் ஜானி டாட்ஸ் இல்லை, ஜிம்மி நூன் என்று பட்டியல்கள் சொல்வது இந்த வகைக் காது வேலையால்தான். டாட்ஸின் கரகரப்பு அங்கே இல்லை. கெனட்டின் பதிவேடுகள் பிழைத்ததால் ஏப்ரல் 5, 6 என்று தேதி உறுதியாகத் தெரிகிறது. பாரமவுண்டின் ஏடுகள் போய்விட்டதால் அங்கே தேதி என்பது மேட்ரிக்ஸ் எண்களை முன்பின் ஒப்பிட்டுப் போடும் கணக்கு. ஆகவே குறிப்பேடு என்பது அலங்காரம் இல்லை. எது ஆவணம், எது காதின் ஊகம் என்று பிரித்துச் சொல்லும் ஏடு கூட வருகிறதா என்பதே இரண்டு சிடிகளுக்கு நடுவில் என்னைத் தீர்மானிக்க வைத்தது.

இலவசக் கோப்பு

சட்டச் சிக்கல் இல்லை என்று முதலில் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 2018-ல் வந்த சட்டப்படி 1923-ல் வெளியான ஒலிப்பதிவுகள் 2024 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு 60 வருடம்தான், அது என்றோ முடிந்தது.

இன்டர்நெட் ஆர்க்கைவின் 78 தட்டுத் திட்டத்தில் ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. ஒரே தட்டை ஒரே சமயத்தில் நான்கு அளவு ஊசிகளால் படித்து, நான்கையும் தனித்தனிக் கோப்பாகப் போட்டிருக்கிறார்கள். எந்த ஊசி நன்றாக வந்தது என்று அவர்களுடைய பொறியாளர் பரிந்துரையும் இருக்கும். அசல் தட்டு வாங்கி ஊசி மாற்றி மாற்றிப் பார்க்கும் சுகத்தைச் செலவில்லாமல் அனுபவிக்க இதைவிட வழி கிடையாது. இரைச்சலைத் தொடவே இல்லை. டொக், கரகர எல்லாம் அப்படியே.

குறை என்ன? பெயர்த்தது 78 வேகத்தில். பாட்டின் உண்மை வேகத்தைத் தேடும் வேலையை நமக்கு விட்டுவிட்டார்கள். திருத்துவது கஷ்டமில்லை. இலவச ஒலித் திருத்த மென்பொருள் எதிலும் வேகத்தைச் சதவீதத்தில் மாற்றலாம். சுருதியும் காலமும் ஒன்றாக மாற வேண்டும், சுருதியை மட்டும் மாற்றும் பொத்தானைத் தொடாதீர்கள். ஒன்று முதல் மூன்று சதவீதத்துக்குள் பெரும்பாலும் விடை இருக்கும். இன்னொரு குறை, அவர்களுக்குக் கிடைத்த பிரதி எதுவோ அதுதான் நமக்கு. தேய்ந்த தட்டு என்றால் நான்கு ஊசியும் தேய்மானத்தைத்தான் படிக்கும்.

பாட்டுச் செயலிகளில் ஓடுவதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. எந்த மூலம், யார் பெயர்த்தது என்று அங்கே பெரும்பாலும் தெரியாது. கெனட்டா ஓகேயா என்றுகூடப் பல இடங்களில் போடுவதில்லை. ஆலிவர் யார் என்று பத்து நிமிடம் ருசி பார்க்க மட்டும் சரி.

ஆக, நான் செய்தது இது. கேட்பதற்கு ஆர்க்கியோஃபோன் சிடி. அதன்மேல் சந்தேகம் வரும்போது சரிபார்க்க நான்கு ஊசிக் கோப்புகள், பக்கத்தில் சுருதிப்பெட்டி. மைல்ஸ்டோன் எல்பியை நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன், உறையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு. காசே செலவழிக்க மனமில்லாதவர் கோப்புகளோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் ஒரு வார இறுதியை வேகத்துக்கு ஒதுக்க வேண்டும். அசல் தட்டுதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவருக்கு: ஆலிவரில் ஆரம்பிக்காதீர்கள். 1920-களின் பேர் தெரியாத நடனக்குழு கெனட் ஒன்றை மலிவாக வாங்கி, ஊசியும் வேகமும் பழகிக்கொள்ளுங்கள். உடைந்தாலும் வயிறு எரியாது.

ஒரு தட்டுக்கு மட்டும் இந்த ஒப்பீடெல்லாம் செல்லாது. கெனட் 5275. 1923 அக்டோபரில் எடுத்தது, ஒரு பக்கம் ‘ஜூலூஸ் பால்’, மறுபக்கம் ‘வொர்க்கிங்மேன் புளூஸ்’. இரண்டாவதை அதே மாதம் ஓகேக்கும் வாசித்திருக்கிறார்கள், அதனால் அதைத் தெளிவாகக் கேட்க வழி உண்டு. ‘ஜூலூஸ் பால்’ வேறெங்கும் இல்லை. இந்தத் தட்டில் ஒரே ஒரு பிரதிதான் பிழைத்திருப்பதாகச் சேகரிப்பாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள், அதுவும் நன்றாக அடிபட்ட பிரதி. எல்பியில் கேட்டாலும் சிடியில் கேட்டாலும் கோப்பில் கேட்டாலும் அதே தட்டின் அதே கீறல்தான் அதே இடத்தில் வரும். டேவிஸும் பென்சனும் அங்கே ஒரே அரிசியில்தான் கல் பொறுக்கியிருக்கிறார்கள். ஏதாவதொரு வீட்டுப் பரணில் இன்னொன்று கிடைக்கும்வரை எந்தக் கடையில் வாங்கினாலும் அந்தப் பாட்டு ஒன்றுதான்.